ஐடி வேலையை விட்டுட்டுக் காட்டு வேலைக்குப் போகலாமா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

"அண்ணா, லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து முதுகே போச்சு. யானை, பறவைன்னு வெளியில சுத்துற வேலைக்குப் போயிடலாமா? கட்டுப்படி ஆகுமா?" இந்தக் கேள்வி என்கிட்ட அடிக்கடி வருது. ஆகும். ஆனா எந்த வாசல் வழியா போறீங்க என்பதைப் பொறுத்து.

யுபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வு ஒரு வாசல். பொதுப் பிரிவுக்கு வயது 21 முதல் 32 வரை. பொறியியல் படித்தவர்களும் எழுதலாம். முதல்நிலைத் தேர்வு ஐஏஎஸ் எழுதுறவங்களோட சேர்ந்துதான். தேர்வானா ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100. ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடந்து காட்டணும். ஜிம் கார்டு வாங்கி வச்சிட்டுப் போகாம இருக்கிறவங்க கவனிக்க! கால்நடை மருத்துவம் ஐந்தரை வருஷப் படிப்பு. 27 வயசுல அதை ஆரம்பிக்கச் சொல்ல எனக்கு மனசு வரல.

பலருக்கும் பிடிச்சது மூணாவது வாசல், காட்டுயிர் ஆராய்ச்சி. இதுக்குப் பெரும்பாலும் முதுகலைப் படிப்பு வேணும். மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் இந்திய வனஉயிர் நிறுவனம் மாதிரி இடங்கள்ல படிக்கலாம். அதுக்கப்புறம் நெட் தேர்வு பாஸ் பண்ணி ஜே.ஆர்.எஃப். கிடைச்சா, 2023-ல் உயர்த்திய கணக்குப்படி மாசம் 37,000, கூட வீட்டு வாடகைப் படி. தொண்டு நிறுவனங்கள்ல இதைவிடக் குறைவாகவும் இருக்கும்.

எல்லாரும் இந்த 37,000-ஐப் பார்த்துத்தான் பயப்படுறாங்க. நான் பயப்படுறது சம்பளமே வராத அந்த 24 மாசத்துக்கு.

உதாரணத்துக்கு, உங்க வயசு 27, கைக்கு 60,000 வருதுன்னு வைங்க. ஹாஸ்டல், சாப்பாடு, ஃபீஸ் எல்லாம் சேர்த்து மாசம் 18,000. பர்சனல் லோன் இ.எம்.ஐ. 9,000. ஊருக்கு அனுப்புறது 10,000. மொத்தம் 37,000. இதை 24-ஆல பெருக்குங்க: 8,88,000. இந்த ஊருக்கு அனுப்புற பத்தாயிரத்தைத்தான் நிறைய பேர் கணக்குல எழுதுறதே இல்ல. நீங்க படிக்கப் போனா அம்மாவோட மாத்திரை செலவு நின்னுடாது.

அதனால ராஜினாமா லெட்டர் எழுதுறதுக்கு முன்னாடி, இப்பவே மாசம் 37,000-ல வாழ்ந்து பாருங்க. மிச்சம் 23,000 தனி அக்கவுண்ட்டுக்குப் போகட்டும். இந்த வேகத்துல 8,88,000 சேர 39 மாசம் ஆகும். ஆமா, மூணு வருஷத்துக்கு மேல! போனஸ் வந்தா முதல்ல லோனை அடைங்க. லோன் இல்லேன்னா தேவையான தொகை 6,72,000 ஆகிடும், மாசம் 32,000 ஒதுக்கவும் முடியும். 21 மாசத்துல முடிஞ்சிடும். இடைவெளியைப் பார்த்தீங்களா?

இன்னொண்ணு, இன்சூரன்ஸ். நான் முன்னாடி வேலையை விட்டப்போ கம்பெனி பாலிசியும் கூடவே போகும்கிறதை மறந்துட்டேன். மூணாவது மாசம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். மொத்தமும் கையிலிருந்து. பல பாலிசிகள்ல கண்புரைக்கு 2 வருஷம் காத்திருப்புக் காலம் இருக்கு. அதனால அப்பா அம்மாவுக்கான பாலிசியை இன்னைக்கே எடுங்க. பி.எஃப். பணத்துல கை வைக்காதீங்க. 5 வருஷத் தொடர் சர்வீஸ் முடியாம எடுத்தா பொதுவா வரி கட்டணும்.

அந்த 21 மாசத்துல வார இறுதிகளைச் சும்மா விடாதீங்க. சென்னையில இருந்தா ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரைல இருந்து பெசன்ட் நகர் வரை நடக்கும் மாணவர்கள் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவோட ராத்திரி நடைக்குப் போங்க. பங்குனி ஆமைகளோட முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துல வைப்பாங்க. மணல்ல கால் புதைய ராத்திரி முழுக்க நடந்தும் ஒரு ஆமைகூடப் பார்க்காம வீடு திரும்புற நாள் வரும். அன்னைக்கு அடுத்த சனிக்கிழமையும் போகத் தோணுதான்னு பாருங்க.