இருபத்தொன்றாவது அவுட் வரைக்கும்



கடிதம் கிடைத்தது. வாட்ஸப்பில் நாலு வரி தட்டிவிடாமல் தாளில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். பந்து போடுகிற கைக்கு எழுதவும் பொறுமை இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் முதல் பக்கத்திலேயே ஒரு வரி உறுத்தியது. “நாலு ரன் பின்னாடி போனப்பவே எங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்க சார்” என்கிறாய். அப்போது இரண்டாவது இன்னிங்ஸ்தான் நடந்துகொண்டிருந்தது என்றும் நீயேதான் எழுதியிருக்கிறாய். தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. ஏழு இன்னிங்ஸ் சாஃப்ட்பால் ஆட்டத்தில் இரண்டாவதிலேயே தெரிந்துபோயிற்றே, அதில்தான் வருத்தம்.

கபடியில் முன்னால் இருக்கிற அணி நேரத்தைக் கடத்தலாம். ரெய்டுக்குப் போய் கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பி வந்தால் போதும், கடிகாரம் அவர்களுக்காக வேலை செய்யும். சாஃப்ட்பாலில் அந்த வசதி கிடையாது. எத்தனை ரன் முன்னால் இருந்தாலும் எதிரணி உன் அணியிடமிருந்து 21 அவுட் எடுத்தே தீரவேண்டும். இருபது வரை எடுத்துவிட்டு, “நேரமாச்சு, போலாம்” என்று சொல்ல முடியாது. விதிப்புத்தகத்தில் இதற்கு ஒரு விலக்கு உண்டு: ஐந்து இன்னிங்ஸ் முடிவில் ஏழு ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடுவார்கள். அதனால் நாலு ரன் பின்தங்கியவர்களின் முதல் வேலை அந்த நாலையும் ஒரே வீச்சில் அடித்துத் தீர்ப்பதல்ல. நாலு ஏழாகாமல் பார்த்துக்கொள்வது. அது பிட்சரின் வேலை, அதாவது உன்னுடையது. மீண்டு வந்து ஜெயித்த ஆட்டங்களில் கடைசியில் அடித்தவளைத்தான் எல்லாரும் தோளில் தூக்குவார்கள். நடுவில் மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் நின்றவளை யாருக்கும் ஞாபகம் இருக்காது. இது அநியாயம்தான், ஆனால் பழகிக்கொள்.

மீண்டு வந்த ஒரு அணியின் கதை சொல்கிறேன். சிட்னி ஒலிம்பிக், 2000. அமெரிக்கப் பெண்கள் அணி தொடர்ந்து 112 ஆட்டம் ஜெயித்திருந்த அணி. அங்கே ஜப்பானிடம் தோற்றது, அடுத்து சீனாவிடம், அடுத்து ஆஸ்திரேலியாவிடம். வரிசையாக மூன்று. மூன்றுமே ஏழு இன்னிங்ஸில் முடியாமல் நீண்டு போன ஆட்டங்கள். மூன்றாவதை நினைத்துப் பார். பிட்சர் லிசா ஃபெர்னாண்டஸ் 25 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்திருந்தார். பதின்மூன்றாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆகிவிட்டது, ஒரு ரன் முன்னால் இருக்கிறார்கள். அங்கே பீட்டா எடிபோன் ஒரு ஹோம் ரன் அடித்தார், ஆட்டம் போயிற்று. அத்தனை நேரம் நெருப்பாகப் போட்டவருக்கு ஒரே ஒரு பந்து தப்பியது.

அன்றைக்கு அந்த அணி செய்த காரியத்தை நம்மூர்க்காரிக்கு விளக்க வேண்டியதில்லை. பிடித்த பீடையைக் கழுவுகிறோம் என்று யூனிஃபார்மோடு ஷவருக்கு அடியில் போய் நின்றார்கள். தோஷம் கழிய ஊர் ஊராக ஜனங்கள் வந்து காவிரியில் முங்கி எழுந்து உங்கள் ஊர் மகுடேசுவரர் கோயிலுக்குள் ஈரத்துணியோடு போவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. சிரிக்காதே. குளித்ததால் ஜெயித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று தோல்வியையும் உடம்பிலேயே சுமந்துகொண்டு நாலாவது ஆட்டத்துக்குப் போகக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு ஒரு சடங்கு தேவைப்பட்டது. உங்கள் அணியும் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளட்டும், பி.டி. மாஸ்டர் திட்டாத அளவுக்கு.

அதன்பிறகு அவர்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. லீக் சுற்றில் நாலாவது இடம், அதாவது அடுத்த சுற்றுக்குக் கடைசி ஆளாகத்தான் உள்ளே நுழைந்தார்கள். அங்கே சீனாவை 3-0, ஆஸ்திரேலியாவை 1-0. தங்களைத் தோற்கடித்த அதே அணிகள். செப்டம்பர் 26ஆம் தேதி இறுதி ஆட்டம், எதிரே அதுவரை தோல்வியே காணாத ஜப்பான். பிட்சர் மறுபடியும் ஃபெர்னாண்டஸ். 25 பேரை வீழ்த்தியும் தோற்றவரிடமே பயிற்சியாளர் பந்தைக் கொடுத்தார். அந்த அணியின் மீட்சி எங்கே தொடங்கியது என்று கேட்டால் நான் இந்த முடிவைத்தான் காட்டுவேன்.

நாலாவது இன்னிங்ஸில் ஜப்பானின் ரெய்க்கா உட்சுகி ஹோம் ரன் அடித்து முன்னிலை வாங்கித் தந்தார். அமெரிக்கா அடுத்த இன்னிங்ஸில் சமன் செய்தது. எட்டாவது இன்னிங்ஸ், மழைத் தூறல். லாரா பெர்க் இடப்பக்கம் உயர்த்தி அடித்த பந்துக்காக லெஃப்ட் ஃபீல்டர் ஷியோரி கோசெகி பின்னாலேயே ஓடினார். கிளவுஸுக்குள் வந்த பந்து, அவர் விழுந்தபோது வெளியே போய்விட்டது. ஜெனிஃபர் மெக்ஃபால்ஸ் ஹோம் பிளேட்டைக் கடந்தார். 2-1.

இந்தக் கதையை வெற்றியாகச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. யாரோ ஒருத்தி கையிலிருந்து பந்து விழுந்த ஆட்டம் இது. மீண்டு வந்து ஜெயித்த ஆட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், நாம்தான் அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ஆனால் பந்து விழும்போது ஓடுவதற்கு பேஸில் ஒருத்தி இருந்தாக வேண்டுமே. பெர்க் பந்தைக் களத்துக்குள் அடித்தார், மெக்ஃபால்ஸ் நிற்காமல் ஓடினார். அவர்கள் கையில் இருந்தது அவ்வளவுதான், அதை விடாமல் செய்தார்கள்.

செய்யாமல் விட்டதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது, அதுவும் அதே அமெரிக்க அணிதான். 1996, அட்லாண்டா, ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் சேர்க்கப்பட்ட முதல் வருஷம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டேனி டைலர் ஹோம் ரன் அடித்தார். எல்லாரும் கட்டிப்பிடிக்க ஓடிவந்த சந்தோஷத்தில் ஹோம் பிளேட்டை மிதிக்காமல் தாண்டிப் போய்விட்டார். ரன் செல்லாது என்றார்கள். ஒரு ரன் கணக்கிலிருந்து போய், ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸில் 2-1 என்று ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அந்த வருஷமும் தங்கம் அமெரிக்காவுக்குத்தான் என்பது வேறு விஷயம். நீ பயிற்சியில் எத்தனை அடித்தாலும் சரி, கடைசியில் பிளேட்டை மிதித்துவிட்டுப் போ. காலுக்கு அது பழகட்டும்.

இனி ஜப்பான். 2000இல் பந்து நழுவியது, 2004இல் வெண்கலம், 2008இல் பெய்ஜிங்கில் தங்கம். ஆகஸ்ட் 20ஆம் தேதி யுகிகோ உவேனோ ஒரே நாளில் இரண்டு ஆட்டம் முழுதாகப் போட்டார். அமெரிக்காவிடம் ஒன்பது இன்னிங்ஸில் தோல்வி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பன்னிரண்டு இன்னிங்ஸில் வெற்றி. இரண்டும் சேர்த்து 318 பந்து. மறுநாள் இறுதியில் இன்னும் 95. முந்தின நாள் தோற்கடித்த அதே அமெரிக்காவை 3-1 என்று வென்றார்கள். மொத்தம் 413 பந்து என்று ஜப்பானில் இன்றும் சொல்வார்கள். நீயும் சொல், தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்து நீயும் அப்படிப் போட முயலாதே. உன் தோள் இன்னும் வளர்ந்து முடியவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் போடச் சொன்னால், வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல். சொல்லத் தைரியம் இல்லையென்றால் உன் அம்மாவை விட்டுச் சொல்லச் சொல். வலியை மறைக்கிற பெண்ணை மெச்சுகிற வழக்கம் நம் பக்கம் அதிகம். எனக்கு அது பிடிக்காது.

அதற்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்தே ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். 2012இலும் இல்லை, 2016இலும் இல்லை. தோற்ற அணி திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறோம், இங்கே ஆட்டமே திரும்பி வரவேண்டியிருந்தது. டோக்கியோவில், 2021 ஜூலை 27ஆம் தேதி, இறுதி ஆட்டத்தை அதே உவேனோதான் தொடங்கினார், 39 வயதில். ஆறாவது இன்னிங்ஸில் அவரை வெளியே எடுத்துவிட்டு 20 வயது மியு கோட்டோவை இறக்கினார்கள். ஏழாவதில் உவேனோ மறுபடி உள்ளே வந்து முடித்துக் கொடுத்தார், 2-0. பயிற்சியாளர் யார் தெரியுமா? சிட்னியில் ஹோம் ரன் அடித்தும் தோற்ற அந்த ரெய்க்கா உட்சுகி.

எடுத்த ஆளை எப்படித் திரும்ப இறக்கினார்கள் என்று கேட்பாய். இந்த ஆட்டத்தில் நான் மிகவும் மதிக்கிற விதி அது. தொடக்கத்தில் களத்தில் இருந்தவளை வெளியே எடுத்தாலும் ஒரே ஒரு தடவை திரும்ப இறக்கலாம், பேட்டிங் வரிசையில் அவளுடைய பழைய இடத்துக்கே. அதனால் உன்னை வெளியே கூப்பிட்டால் கிளவுஸை வீசி எறியாதே. உட்கார்ந்து பேட்டர்களைப் பார், தோளில் சூடு குறையாமல் வைத்துக்கொள்.

ஆட்டத்துக்கு வெளியே அந்தப் பழைய இடமும் கிடைக்காது. உங்கள் ஊர் நடிகை கே.பி. சுந்தராம்பாளைப் பார். 1933இல் கணவர் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 25 வயது. வெள்ளைச் சேலைக்கு மாறி, மேடையை விட்டு ஒதுங்கினார். இனி ஆணோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் திரும்பி வந்தபோது கதாநாயகியாக வரவில்லை, ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே வந்தார், ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு. திரும்பி வருகிறவள் போன மாதிரியேதான் வரவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நாளைக்கு உன் பந்தில் வேகம் குறைந்தால் சேஞ்ச்-அப் என்கிற மெதுவான பந்தைக் கற்றுக்கொள். 43 அடி தூரத்தில் பேட்டருக்கு யோசிக்க அரை நொடிகூடக் கிடைக்காது. அந்த அரை நொடியில் அவளை ஏமாற்ற வேகம் மட்டும்தான் வழி என்றில்லை.

கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் நீ எழுதிய ஒரு வரிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் லெஃப்ட் ஃபீல்டில் கேட்ச்சை விட்ட பெண்ணோடு அணியில் யாரும் பேசுவதில்லை, அவள் பயிற்சிக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள் என்று. அதை அடியில் எழுதியிருக்கக்கூடாது அம்மணி, முதல் வரியாக எழுதியிருக்கவேண்டும். நாளைக்கே அவள் வீட்டுக்குப் போ. கேட்ச்சர் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போ. மன்னிக்க வந்தவர்கள் மாதிரி பேசவேண்டாம், பயிற்சி எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வா. அவளை மறுபடி லெஃப்ட் ஃபீல்டிலேயே நிறுத்தச் சொல்லி மாஸ்டரிடம் நீ கேட்கவேண்டும். அவர் மறுத்தால் எனக்கு எழுது, நான் பேசுகிறேன்.