நம்ம சேலை, நம்ம படம்



சுந்தரபாண்டியத்துக் கைத்தறிச் சேலையைப் படம் எடுத்து இணையப் பக்கத்தில் போட்டால் வெளியூரிலிருந்தும் கேட்டு வாங்குவார்கள். ஆனால் அந்தப் படத்தையே வேறொருவர் எடுத்துப் போட்டு, விசைத்தறிச் சேலையை அனுப்பிவிட்டால்? கெட்ட பேர் நம்ம தறிக்குத்தான். அதனால் படப் பாதுகாப்பு மென்பொருளில் வெளியீட்டு அமைப்பைச் சரிசெய்யக் கற்றுக்கொள்வோம்.

1. மூலப் படத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துவோம். நகலில்தான் வேலை செய்ய வேண்டும்.

2. அகலம் 800 பிக்ஸல், ஜேபெக் தரம் 70 என்று வைப்போம். செல்போனில் பார்க்கத் தெளிவாக இருக்கும். பெரிதாக அச்சடிக்க உதவாது.

3. குழுவின் பெயரை மங்கலான எழுத்தில் முந்தியின் மேலேயே வருமாறு போடுவோம். ஓரத்தில் போட்டால் அதை மட்டும் வெட்டிவிட்டு எடுத்துக்கொள்வார்கள். பூ வேலையும் நிறமும் மறையாத அளவு பார்த்துக்கொள்ளணும்.

4. படத்தோடு சேர்ந்து பதிவாகும் இடக்குறிப்பை நீக்கிவிடுவோம். வீட்டில் எடுத்த படம் நம் வீடு இருக்கும் இடத்தையே காட்டிக்கொடுத்துவிடும்.

5. 'வலது கிளிக் தடை' இருந்தால் அதையும் போடுவோம். ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை அது தடுக்காது. இதை மட்டும் நம்பிப் பெரிய படத்தைப் போட்டுவிடக் கூடாது.

நாமே எடுத்த படத்துக்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை நமக்குத்தான். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாராவது எடுத்துப் போட்டால், 'இது எங்க படம்' என்று காட்ட அந்த மூலப் படம்தான் நமக்குச் சாட்சி.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு படம் கொண்டு வந்து, இந்த ஐந்தையும் சேர்ந்து செய்து பார்ப்போம்.