சிறுவர் சோகையும் குடலழற்சியும்

மதுரங்குளியிலே தென்னந்தோப்புகளினூடே பள்ளிக்கு நடந்து வரும் சிறுவருள் ஒருவன் முகம் வெளிறி வகுப்பிலே சோர்ந்திருப்பானாயின், நாம் அவனைச் சோம்பேறி என்கின்றோம். அன்றேல் பூச்சி மருந்து கொடுக்குமாறு தாய்க்குப் புத்தி சொல்கின்றோம். பின்னது காரணமற்ற கூற்றன்று. கொழுக்கிப்புழு நம் நாட்டவரின் குருதியை நெடுங்காலம் உறிஞ்சியது. அதனை ஒழிக்கும் முயற்சி உரொக்பெல்லர் தாபனத்தின் துணையுடன் 1916 ஆம் ஆண்டிலே இங்கு தொடங்கிற்று. ஆயினும், சோகைக்குக் காரணம் புழுவும் உணவுக்குறைவும் மாத்திரமல்ல. நாட்பட்ட குடலழற்சியும் அதற்கொரு காரணமாம்.

இந்நோய் பெரும்பாலும் இருவகைப்படும். பெருங்குடலிலே புண்ணை உண்டாக்குவது ஒன்று. உணவுப்பாதையின் எப்பகுதியையும் தாக்கவல்லது மற்றொன்று. அது, 1932 இல் அதனை விவரித்த வைத்தியர் மூவருள் ஒருவராகிய குறோன் என்பாரின் பெயரால் வழங்குகின்றது.

இதனாற் சோகை உண்டாவது எவ்வாறு? முதலாவது, குடற்புண்ணிலிருந்து குருதி சிறிது சிறிதாகக் கசிய, அதனோடு இரும்பும் கழிகின்றது. இரண்டாவது, வயிற்றுநோவினாற் பிள்ளை உண்பது குறைகின்றது. சிறுகுடல் பழுதுற்றால் இரும்பும் உயிர்ச்சத்துக்களும் உறிஞ்சப்படுவதும் குறைகின்றது. மூன்றாவது, அழற்சியின் தூண்டுதலால் ஈரல் எப்சிடின் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கின்றது. அது குடலிலுள்ள இரும்பு குருதியிற் சேராதவாறும், உடலிற் சேமித்த இரும்பு வெளிவராதவாறும் தடுக்கின்றது. களஞ்சியத்தில் நெல்லிருந்தும் திறவுகோலின்றிப் பசித்திருக்கும் வீட்டை இஃது ஒக்கும்.

ஐந்து முதற் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11.5 கிராமிற் குறையின் அது சோகையென உலக சுகாதார தாபனம் வகுத்துள்ளது. சேமிப்பிரும்பைக் காட்டும் பெரிட்டின் அழற்சியின்போது தானாகவே உயருமாதலின், அவ்வளவை மாத்திரம் நோக்கி இரும்புக்குறை இல்லையெனத் துணிதல் பிழையாகலாம்.

முருங்கையிலையும் மீனும் நல்லுணவே. ஆயினும் அவை தனித்து இச்சோகையைத் தீர்க்கமாட்டா. அழற்சியைத் தணித்தல் இன்றியமையாதது. சோகை இலேசாயின் இரும்பு மாத்திரை போதியதாகலாம். சோகையோ அழற்சியோ கடுமையாயின் வைத்தியர் நாளத்தின் வழியே இரும்பு ஏற்றுவர்.

பெற்றோரும் ஆசிரியரும் கருதவேண்டியது ஒன்றுண்டு. மலத்திற் குருதி கண்ட பிள்ளை நாணத்தினால் அதனை மறைக்கும். ஆதலின், வெளிறிய பிள்ளைக்கு வயிற்றோட்டம் வாரக்கணக்காக நீடிக்கின்றதா, வயிறு நோகின்றதா, எடையும் உயரமும் வயதுக்கேற்பக் கூடுகின்றனவா என அன்போடு நாம் வினவுதல் வேண்டும். ஐயமிருப்பின் புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ அழைத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுதல் நம் கடன். சோம்பேறியென நாம் ஒதுக்கிய பிள்ளை நோயாளியாயிருத்தல் கூடும்.