புதரைச் சுற்றி ஏன் புல் இல்லை?

தைல மரத் தோப்புக்குள் எப்போதாவது நுழைந்திருக்கிறீர்களா? காலடியில் சருகுதான் சரசரக்கும். புல் பூண்டு அதிகம் தென்படாது. "அந்த இலையில் விஷம் இருக்கிறது, அதனால்தான் அடியில் ஒன்றும் முளைப்பதில்லை" என்று ஊரில் யாரேனும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது மெய்தானா? மெய் என்றால் அதை நிரூபிப்பது எப்படி? இதேபோன்ற ஒரு வழக்கு அமெரிக்காவில் ஒரு புதர்ச்செடியின் மேல் நடந்தது. அதை முதலில் பார்ப்போம்.

ஒரு செடி வெளிவிடும் வேதிப்பொருள் அருகிலுள்ள மற்றொரு செடியின் வளர்ச்சியைப் பாதிப்பதை 'அல்லெலோபதி' என்பர். ஹான்ஸ் மோலிஷ் என்னும் ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர் 1937-இல் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இப்பெயரை உண்டாக்கினார். இலையிலிருந்து ஆவியாகவோ, மழைநீரில் கரைந்தோ, வேரிலிருந்து கசிந்தோ, சருகு மக்கும்போதோ இப்பொருள்கள் வெளிப்படலாம்.

கலிபோர்னியா மாநிலத்தில் சான்டா பார்பரா நகரை அடுத்த மலைச்சரிவுகளில் 'சால்வியா' என்னும் புதர் வளர்கிறது. அது நம் துளசியின் குடும்பம். இலையைக் கசக்கினால் கமகமவென்று மணக்கும். அப்புதர்க் கூட்டத்தைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டர் அகலத்துக்கு மண் வெறுமையாகக் கிடக்கும். அதற்கப்பால் குட்டையான புல், இன்னும் அப்பால் செழித்த புல்வெளி. விமானத்திலிருந்து எடுத்த படத்தில் புதர்களுக்குக் கரை கட்டியதுபோல் இந்த வெற்றுப் பட்டை தெளிவாகத் தெரிந்தது.

காரணம் என்ன? கார்னீலியஸ் முல்லர் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1964-இல் ஒரு விடை தந்தனர். சால்வியா இலையிலிருந்து சினியோல், கற்பூரம் ஆகிய பொருள்கள் ஆவியாகின்றன. (தைல மர எண்ணெயில் மிகுந்திருப்பதும் இதே சினியோல்தான்.) மூடிய கலத்துக்குள் இலையை வைத்து, அதைத் தொடாதபடி வெள்ளரி விதைகளை முளைக்கவிட்டபோது முளைவேர்கள் வளர்ச்சி குன்றின. ஆகவே, புதர் விடும் ஆவி மண்ணில் படிந்து புல்லை ஒடுக்குகிறது என்றனர். அழகான விளக்கம்! பலரும் ஏற்றுக்கொண்டனர்.

ஆனால் 1970-இல் புரூஸ் பார்த்தலோமியூ என்பவர் மிக எளிய காரியம் ஒன்றைச் செய்தார். அந்த வெற்றுப் பட்டையின்மேல் கம்பிவலைக் கூண்டுகளை வைத்தார். காற்றும் ஆவியும் வலைக்குள் தாராளமாகப் புகும்; எலியும் முயலும் பறவையும் புக முடியாது. விஷம்தான் காரணம் என்றால் கூண்டுக்குள்ளும் மண் வெறுமையாகவே இருக்கவேண்டும் அல்லவா? ஆனால் கூண்டுக்குள் செடிகள் வளர்ந்தன!

நடந்தது இதுதான். எலிகளும் முயல்களும் பருந்து, ஆந்தைக்கு அஞ்சிப் புதருக்குள் பதுங்குகின்றன. பசித்தால் வெளியே வந்து மேயும். ஆனால் ஒரே ஓட்டத்தில் திரும்பிவிடக்கூடிய தூரத்துக்குள்தான். அந்தத் தூரத்துக்குள் இருக்கும் விதையும் தளிரும் தின்று தீர்க்கப்படுகின்றன. புல்லின் எல்லையைப் பெருமளவு வரைந்தது பிராணிகளின் அச்சம்! முல்லர் தரப்பு இதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை, வாதம் தொடர்ந்தது.

அப்படியானால் முல்லரின் சோதனை பொய்யா? இல்லை. கலத்துக்குள் ஆவி முளைவேரைத் தடுத்தது உண்மை. ஆனால் கலம் வேறு, மலைச்சரிவு வேறு. வெளியில் காற்று ஆவியைக் கலைக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பல வேதிப்பொருள்களைத் தின்று சிதைத்துவிடுகின்றன. 'தடுக்க வல்லது' என்பதும் 'இங்கே தடுத்தது' என்பதும் இரண்டு தனித்தனிக் கூற்றுகள். முதலாவதை மெய்ப்பித்துவிட்டு இரண்டாவதையும் மெய்ப்பித்ததாக எண்ணிவிடுவது கெட்டிக்காரர்களுக்கும் நேரும் வழுக்கல்.

இதனால் அல்லெலோபதியே கட்டுக்கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம் சோளப்பயிரின் வேர்த்தூவிகளிலிருந்து மஞ்சள் நிற எண்ணெய்ச் சொட்டுகள் கசிகின்றன. அவற்றிலுள்ள 'சோர்கோலியோன்' என்னும் பொருள் பிற இளஞ்செடிகளின் ஒளிச்சேர்க்கையைத் தடுக்கக்கூடியது.

இனி நம் தைல மரத்துக்கு வருவோம். மூன்று அகன்ற கண்ணாடிப் புட்டிகளும், மூன்று சிறு கிண்ணங்களும், கொஞ்சம் கேழ்வரகு விதையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு கிண்ணங்களில் ஈரப் பஞ்சின்மேல் இருபது இருபது விதைகள். மூன்றாவதில் தோட்டத்து ஈரமண்ணில் இருபது விதைகள். முதல் புட்டியின் அடியில் எதுவும் வைக்கவேண்டாம். மற்ற இரண்டிலும் ஒரு கைப்பிடி கசக்கிய தைல இலை. விதை இலையைத் தொடாதபடி கிண்ணத்தை ஒரு சிறு கல்லின்மேல் வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் ஐந்து நாள் விடுங்கள். பிறகு முளைத்தவற்றை எண்ணி, வேரின் நீளத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள்.

மண்ணில் இட்ட விதைகளுக்கு ஒப்பிட இன்னொரு புட்டி தேவைப்படும். அதில் என்ன இருக்கவேண்டும், என்ன இருக்கக்கூடாது? தொடங்குவதற்கு முன் நீங்களே யோசித்து நான்காவதையும் வைத்துவிடுங்கள். முடிவு எப்படியிருந்தாலும், தோப்புக்குப் போகும்போது நிழலையும், சருகின் கனத்தையும், மண்ணின் ஈரத்தையும், ஆடு மேய்ந்த தடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.