கிரேவ்யார்டு டெக்: நால்வர் மேசையில் நின்று ஆடும் வழி

மேஜிக்: தி கேதரிங்கின் கமாண்டர் ஆட்டத்தில், செத்த கார்டை எழுப்பி மறுபடி ஆடும் டெக்குகளுக்கு எப்போதும் மவுசு உண்டு. இருவர் மோதும் ஆட்டத்தில் இந்த உத்தி வெறும் வேகப் பந்தயம்: ஒரு பெரிய கிரியேச்சரைச் சீக்கிரம் புதைத்து எழுப்பினால் பாதி வெற்றி. கமாண்டரில் எதிரே பெரும்பாலும் மூன்று பேர், ஆளுக்கு 40 லைஃப். தனியாக எழும் பூதத்தை மூவரும் சேர்ந்து சாய்த்துவிடுவார்கள். போதாக்குறைக்கு, உங்கள் கிரேவ்யார்டில் என்ன கிடக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ஆகவே தேவைக்கு மட்டும் நிரப்புங்கள், நிரப்பியதைத் தேங்கவிடாதீர்கள்.

1. கமாண்டரைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முறை கட்டுபவர்களுக்கு 2015-இல் வந்த மெரென் ஆஃப் கிளான் நெல் தோத் ஏற்றவர். கறுப்பு, பச்சை நிறம். விலை 4 மானா. உங்களுடைய வேறொரு கிரியேச்சர் சாகும்போதெல்லாம் உங்களுக்கு ஓர் எக்ஸ்பீரியன்ஸ் கவுண்டர் கிடைக்கும். உங்கள் டர்ன் முடிகிற கட்டத்தில் கிரேவ்யார்டிலிருந்து ஒரு கிரியேச்சரை அவர் மீட்பார். அதன் மானா மதிப்பு கவுண்டர் எண்ணிக்கைக்குள் இருந்தால் நேரே களத்துக்கு வரும். இல்லையென்றால் கைக்கு வரும். கவுண்டர்கள் மெரெனிடம் இல்லை, உங்களிடம் இருக்கின்றன. அவர் செத்தாலும் அவை அழியா.

2. 99 கார்டுகளைப் பங்கிடுங்கள்

தொடக்கத்துக்கு இந்தக் கணக்கு போதும்:
- லேண்ட் 37
- மானா கூட்டுபவை 10
- கிரேவ்யார்டை நிரப்புபவை 10
- எழுப்புபவை 10
- பலி கொடுக்க உதவுபவை 6
- எதிராளியின் கார்டுகளை அழிப்பவை 10
- மிச்சம் 16 இடம் ஆட்டத்தை முடிக்கும் கிரியேச்சர்களுக்கும் கார்டு எடுத்துத் தருபவற்றுக்கும்

ஒரே கார்டு இரண்டு வேலை பார்த்தால் லாபம். சகுரா-ட்ரைப் எல்டர் 2 மானாதான். தன்னையே பலி கொடுத்து ஒரு பேசிக் லேண்டைக் களத்துக்குக் கொண்டுவரும். மெரென் களத்தில் இருந்தால் ஒரு கவுண்டரும் சேரும்.

3. அளவாக நிரப்புங்கள்

ஸ்டிட்சர்ஸ் சப்ளையர் 1 மானாவுக்கு வந்து, வரும்போது மூன்று கார்டு, சாகும்போது மூன்று கார்டு என லைப்ரரியிலிருந்து கிரேவ்யார்டுக்குத் தள்ளும். ஆரம்ப டர்ன்களுக்கு இதுபோன்ற சிறு கார்டுகளே சரி. என்டூம் குறிப்பிட்ட ஒரு கார்டைத் தேடிப் புதைக்கும் இன்ஸ்டன்ட். அதைக் கையில் வைத்திருந்து, உங்கள் டர்னுக்குச் சற்று முன்பு, அடுத்தவர் டர்ன் முடியும்போது போடுங்கள். புதைத்தது என்ன என்று பார்த்து மற்றவர்கள் தயாராக நேரம் இருக்காது.

4. மூவரையும் ஒருசேரத் தொடும் கார்டை எழுப்புங்கள்

ஆர்கான் ஆஃப் க்ரூயல்டி மிரட்டலான கார்டுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருவரைத்தான் கடிக்கும். கிரே மெர்ச்சன்ட் ஆஃப் அஸ்ஃபோடெல் களத்துக்கு வரும்போது, களத்தில் இருக்கும் உங்கள் கார்டுகளின் விலையில் உள்ள கறுப்பு மானாக் குறிகளை எண்ணி, எதிராளி ஒவ்வொருவரிடமிருந்தும் அத்தனை லைஃப் பறிக்கும். அதில் இரண்டு குறி, மெரெனில் ஒன்று, பலி கொடுக்க உதவும் விஸ்ஸெரா சீயரில் ஒன்று: மொத்தம் நான்கு. மூவரும் தலா 4 இழக்க, உங்களுக்கு 12 ஏறும். பிறகு விஸ்ஸெரா சீயரிடம் அதைப் பலி கொடுங்கள். கவுண்டர் ஐந்து சேர்ந்திருந்தால் அதே டர்ன் முடிவில் மெரென் அதைத் திரும்பக் களமிறக்குவார், இன்னொரு 12. அடுத்த டர்னிலும் இதையே செய்யலாம்.

5. மற்ற மூன்று கிரேவ்யார்டுகளையும் பாருங்கள்

ரீஅனிமேட், அனிமேட் டெட் இரண்டும் யாருடைய கிரேவ்யார்டிலிருந்தும் கிரியேச்சரை எடுக்கும். மேசையிலேயே வலுவான கிரியேச்சர் பக்கத்து ஆளிடம் செத்துக் கிடக்கலாம். ரீஅனிமேட் போட்டால் அதன் மானா மதிப்பு அளவுக்கு லைஃப் போகும். 40-இல் தொடங்குவதால் தாங்கும். லிவிங் டெத் மட்டும் எல்லோருடைய கிரியேச்சரையும் எழுப்பும். போடுமுன் நான்கு கிரேவ்யார்டையும் எண்ணிப் பாருங்கள். பெரிய குவியல் உங்களுடையதாக இல்லாவிட்டால் கையிலேயே இருக்கட்டும்.

6. கிரேவ்யார்டு பறிபோவதற்குத் தயாராக இருங்கள்

போஜுகா பாக் என்ற லேண்ட் வந்தாலே ஒருவருடைய கிரேவ்யார்டு முழுவதும் எக்ஸைல் ஆகும். அது நடப்பதற்குள் பதில் சொல்ல இடமுண்டு. நெக்ரோமான்ஸியை அந்த நொடியிலேயே போட்டு ஒரு கிரியேச்சரையாவது மீட்கலாம். டர்ன் முடியும்போது அது செத்துவிடும் என்பதால், களத்துக்கு வந்ததுமே பலன் தரும் கிரியேச்சராகப் பாருங்கள்.

ரெஸ்ட் இன் பீஸ் இன்னும் மோசம். அது இருக்கும்வரை கிரியேச்சர்கள் கிரேவ்யார்டுக்குப் போகாமல் எக்ஸைல் ஆவதால், மெரெனுக்குக் கவுண்டரும் கிடைக்காது. அதை உடைக்க ரெக்லமேஷன் சேஜ், அசாஸின்ஸ் ட்ரோஃபி போன்றவை தேவை. அவற்றில் ஒன்றாவது கையில் இருக்கட்டும். கிரேவ்யார்டில் கிடந்தால் பயனில்லை.

7. சோதித்துப் பாருங்கள்

கட்டி முடித்ததும் தனியாக உட்கார்ந்து ஆடுங்கள். ஆறாவது டர்னில் உங்கள் கிரேவ்யார்டு முழுவதையும் எக்ஸைல் செய்துவிட்டுத் தொடருங்கள். அடுத்த இரண்டு டர்னுக்குள் களத்தில் உருப்படியாக எதையாவது இறக்க முடிந்தால் டெக் தயார். முடியாவிட்டால் எழுப்புபவற்றில் இரண்டை எடுத்துவிட்டு, கார்டு எடுத்துத் தருபவை இரண்டைச் சேர்த்து மறுபடி ஆடிப் பாருங்கள்.