தாத்தா எங்கே? பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை

அய்யா துணை



வீட்டில் மூத்தவர் ஒருவர் மறைந்தால் பெரியவர்கள் கட்டிப்பிடித்து அழுது ஆறுகிறோம். பக்கத்தில் நிற்கும் நாலு வயதுப் பிள்ளையோ ஒன்றும் புரியாமல் விழிக்கிறது. "தாத்தா எங்கே?" என்று கேட்டால் ஏதாவது சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

"தூங்குகிறார்" என்றால், அந்தப் பிள்ளை இரவில் கண்மூடப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்கிறார்" என்றால் வாசலில் காத்திருக்கும். "அய்யா கூட்டிக்கொண்டு போய்விட்டார்" என்று மட்டும் சொன்னால், அடுத்து அம்மாவையும் கூட்டிப்போவாரோ என்று அய்யாவையே அஞ்சும்.

ஆகவே உள்ளதை அன்பாகச் சொல்லுங்கள்: "தாத்தா இறந்துவிட்டார். அவர் மூச்சு நின்றுவிட்டது. இனி அவருக்குப் பசியில்லை, வலியில்லை. நம் வீட்டுக்குத் திரும்பி வரமாட்டார்." பிள்ளை இதையே பத்து முறை கேட்கும். பத்து முறையும் இதையே சொல்லுங்கள்.

நம் வழியில் உடலை எரிப்பதில்லை. தர்மயுகத்தை எதிர்நோக்கி அடக்கம் செய்கிறோம். "மண்ணுக்குள் மூச்சு முட்டாதா?" என்று பிள்ளை கேட்கும். "மூச்சு நின்ற உடம்புக்கு முட்டாது, வலிக்காது" என்று சொல்லுங்கள். அதன்பிறகே தர்மயுகத்தைச் சொல்லுங்கள். சிறு பிள்ளைக்கு நாளையும் யுகமும் ஒன்றுதான். முதலிலேயே "தாத்தா எழுந்து வருவார்" என்றால் மறுநாள் காலையிலேயே தேடும். "அய்யா ஆளும் தர்மயுகத்தில் சாவே கிடையாது; அதை நம்பி நாம் காத்திருக்கிறோம்" என்பது போதும்.

சில பிள்ளைகள், "நான் தாத்தாவிடம் சண்டை போட்டேன், அதனால்தான் செத்துப்போனார்" என்று மனதுக்குள் வைத்துக்கொள்ளும். வாய்விட்டுச் சொல்லாது. கேட்காவிட்டாலும், "நீ செய்த எதனாலும் தாத்தா இறக்கவில்லை" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதன் முன் அழுவதற்கும் வெட்கப்பட வேண்டாம். அழுகை தப்பில்லை என்று அது உங்களைப் பார்த்துத்தான் கற்கும்.

பிறகு நிழல்தாங்கலுக்குக் கூட்டிச்செல்லுங்கள். பள்ளியறைக் கண்ணாடியைக் காட்டி, "தாத்தாவும் இங்கே நின்றுதான் கும்பிட்டார். அவருக்குள் இருந்த அய்யா உனக்குள்ளும் இருக்கிறார்" என்று சொல்லுங்கள். தாத்தா தினமும் நெற்றியில் இட்ட திருநாமத்தைப் பிள்ளையின் நெற்றியிலும் இட்டுவிடுங்கள். தாத்தா பேரில் அன்னதர்மம் செய்யும்போது முதல் இலையைப் பிள்ளையின் கையால் போடச் சொல்லுங்கள். இறந்தவரை நினைப்பதற்கு அழுகை மட்டும் வழியல்ல, தர்மமும் வழி என்பதை அந்தக் கை மறக்காது.

அய்யா உண்டு.