வேலையை விடும் எண்ணம்

தொழிலாளி வேலையைவிட்டு விலக நினைப்பது ஏன்? சம்பளம் போதாமை என்பர். அது பாதி விடையே. அமெரிக்க உளவியலார் ஸ்டேசி ஆடம்ஸ் 1963-இல் வெளியிட்ட சமன்மைக் கோட்பாட்டின்படி, ஒருவர் தம் உழைப்பையும் ஊதியத்தையும் பக்கத்திலிருப்பவருடையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். தராசு சாய்ந்தால் உழைப்பைக் குறைப்பார், அல்லது விலகுவார்.

நம் தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் அமைந்த ஏற்றுமதி வளாகத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே மதிலுக்குள் பல ஆலைகள். மாலையில் ஒரே மின்ரயில். யாருக்கு எவ்வளவு என்பது ரயில் பல்லாவரம் சேருமுன் தெரிந்துவிடாதா?

1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், பொதுவாக 5 ஆண்டு தொடர்பணி முடித்தவர்க்கே, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என வகுத்தது. இரண்டாம் ஆண்டிலேயே மனம் கசந்தவருக்கு அது தொலைதூரப் பரிசு; தகுதியின்றிப் பதவி உயர்வு பெற்றவரோ நாள்தோறும் எதிர் மேசையில்.